மசல்புரூக்கில் ஒரு பட்டிமன்றம்

காலை 7.00 மணிக்குக் கிளம்ப வேண்டிய கார் 7.40க்குக் கிளம்பியது. காரணம் குமரன். சிட்னிக்குள்ளேயே கெல்லிவில்லிலிருந்து நாங்கள் கிளம்பும் வென்ட்வேர்த்வில் வீட்டுக்கு வர அரை மணி நேரம் போதும். தன் காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் ரெடியா?" எனக்கு அப்போதே எரிந்தது. நான் வேறு மாநிலத்துக் கிளேட்டனிலிருந்து முந்தைய நாளே விமானத்தில் வந்து, ஐந்தரைக்கெல்லாம் குளித்து உட்கார்ந்திருந்தேன்.

போகும் ஊர் டாம்வொர்த். சிட்னிக்கு வடக்கே சுமார் நானூறு கிலோமீட்டர். ஜனவரியில் அங்கே கன்ட்ரி இசை விழா. பெரிய தொப்பி, கிடார், மாடு, லாரி, காதல் தோல்வி, எல்லாம் இருக்கும். காரை ஓட்டியவர் யோகன் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தில் அவர் மனைவி சாந்தி அக்கா, நர்ஸ். பின்னால் நானும் குமரனும். அவன் என் கல்லூரி நண்பன், தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம் நடத்துகிறவன்.

எங்கள் நால்வருக்கும் கன்ட்ரி இசைப் பைத்தியம். ஆனால் பாடத் தெரிந்தவர் சாந்தி அக்கா மட்டும்தான். தானே எழுதிய பாட்டை அங்கே ஒரு பப் மேடையில் 1.30க்குப் பாட அவருக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடம் விண்ணப்பித்துக் கிடைத்த பத்து நிமிடம். ஒரு மணிக்குள் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

8.30. நெடுஞ்சாலை. கன்ட்ரி இசையில் எல்லாரையும் விடப் பெரிய ஆள் யார் என்ற சண்டை தொடங்கியது. குமரனுக்கு ஓர் அமெரிக்கப் பாடகர். யோகன் அண்ணாவுக்கு ஓர் ஆஸ்திரேலியப் பாடகர். பெயர்களை எழுத மாட்டேன். எழுதினால் இரண்டு கட்சிக்கும் ஆள் சேரும், இரண்டு பேர் கத்தியதே போதும்.

"உங்கட ஆள் ஒரு மாட்டையாவது தொட்டிருப்பானோ?" என்றார் யோகன் அண்ணா.

"பாட்டு எழுதறதுக்கு மாடு எதுக்குண்ணா? பேனா போதும்."

"அதுதான் சொல்லுறன். அவன் தொப்பி போட்ட அக்கவுன்டன்ட்."

"உங்க ஆள் பாடினா மாடே எழுந்து போயிடும்ணா."

சாந்தி அக்கா சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "முதல்ல ஸ்பீட் கமராவைப் பாருங்கோ. பிறகு பெரிய ஆளைப் பாக்கலாம்."

10.35. மசல்புரூக். பாதித் தூரம் தாண்டியாயிற்று, இன்னும் 155 கிலோமீட்டர். வழியெல்லாம் நிலக்கரிச் சுரங்கம், வெட்டிப்போட்ட மலை. காபி ஐந்தரை டாலர், கருகிய வாடை. பூங்கா மேசையில் உட்கார்ந்தோம்.

"பதினொண்டுக்கு நான் காருக்குள்ள இருப்பன்," என்று கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார் சாந்தி அக்கா.

குமரன் சும்மா காபி குடித்திருக்கலாம். அவன் பட்டிமன்றம் வைத்தான். தலைப்பு: சிறந்த பாடகர் பாட்டை வாழ்ந்தவரா, பாட்டை எழுதியவரா? ஆளுக்கு ஐந்து நிமிடம், பிறகு மறுப்புரை. கைபேசியில் மணி வைத்தான். நடுவர் நான். வேண்டாம் என்றேன். "நடுவர் அவர்களே!" என்று இருவரும் மேசையைத் தட்டினார்கள். அதில் மயங்கிவிட்டேன், முட்டாள்.

நடுவர் என்றால் எல்லாரையும் விட நீளமாகப் பேச வேண்டும், கடைசியில் இரண்டு பக்கமும் சரி என்று முடிக்க வேண்டும். நானும் எழுந்து நின்று அதைத்தான் செய்தேன். சாந்தி அக்கா வந்து, "பதினொண்டாச்சு," என்றார்.

"அக்கா, தீர்ப்பு போய்ட்டிருக்கு. குறுக்கிடக் கூடாது," என்றான் குமரன்.

"அஞ்சு நிமிசமப்பா," என்றார் யோகன் அண்ணா, திரும்பிப் பார்க்காமலே.

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எனக்கு இன்னும் இரண்டு நகைச்சுவை பாக்கி இருந்தது.

தீர்ப்பு முடிந்து கைதட்டல் வாங்கித் திரும்பினால் கார் இல்லை. யோகன் அண்ணாவின் கைபேசியில் ஒரு செய்தி: "எனக்கு நேரமாச்சு. நீங்கள் முடிச்சுப்போட்டு ஆறுதலா, மெதுவா வாங்கோ." எங்கள் பைகள், தொப்பிகள், இடியப்பப் பொதி எல்லாம் காரோடு போய்விட்டன.

"என்ர மனுசி என்னை விட்டிட்டுப் போட்டா!"

"அப்ப உங்க கட்சி வெளிநடப்புன்னு எடுத்துக்கலாமா?" என்றான் குமரன்.

"வாயை மூடுடா," என்றேன்.

டாம்வொர்த் போகும் ரயில் நாளுக்கு ஒன்றுதான். ஒரு மணிவாக்கில் வந்தது. டாக்சிக்காரர் ஒருவரிடம் போனில் கேட்டிருந்தோம், சிரித்துவிட்டு வைத்துவிட்டார். 1.30க்கு ரயில் ஸ்கோன் பக்கம் குதிரைப் பண்ணைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. யோகன் அண்ணா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்: "அக்கா பாட்டு எதைப் பத்திண்ணா?"

"தெரியாது தம்பி. கராஜுக்குள்ள நிண்டு பாடிப் பழகுவா. நான் ஹெட்போன் போட்டு என்ர ஆளைக் கேட்டுக்கொண்டிருப்பன்."

குமரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முந்தைய இரவு அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். நானும் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3.45. டாம்வொர்த். கொளுத்தும் வெயிலில் நடந்து அந்த பப்பைக் கண்டுபிடித்தோம். மேடையில் யாரோ ஓர் இளைஞன் பாடிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு தொப்பிக்காரர் பீரோடு நின்றார். மதியம் ஒன்றரைக்குப் பாடிய பெண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டேன். "அவளா! ஒரு தரம் பாடி இறங்கினாள், நாங்கள் விடவில்லை, மறுபடி ஏற்றினோம். என் மனைவி அழுது பக்கத்து மேசைக்காரன் கைக்குட்டையை வாங்கிவிட்டாள்," என்றார்.

சாந்தி அக்கா உள்ளே மூலை மேசையில் எங்கள் இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பிடிப் போச்சு?" என்றார் யோகன் அண்ணா.

"வடிவாப் போச்சு."

"எங்களுக்கு ஒருக்காப் பாடிக் காட்டுமன்."

"ரெண்டு தரம் பாடிட்டன். தொண்டை காஞ்சு போச்சு." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, கடைசியில ஆர் பெரிய ஆள்?"

நான் போய் அவருக்குத் தண்ணீர் வாங்கி வந்தேன்.

5.00 மணிக்கு அங்கிருந்து திரும்பக் கிளம்பினோம். சாந்தி அக்காதான் ஓட்டினார். மசல்புரூக்கில் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்ல யாருக்கும் துணிச்சலும் இல்லை. மறுநாள் கிளேட்டனுக்கு வந்ததும் நண்பர்கள் விழா எப்படி என்று கேட்டார்கள். காபி விலை, ரயில் நேரம், சாலைத் தூரம் எல்லாம் சொன்னேன். இங்கேயும் சரியாகவே எழுதியிருக்கிறேன். பாட்டு எப்படி இருந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அந்தத் தொப்பிக்காரரின் மனைவியைக் கேளுங்கள்.