படத்துக்குக் கீழே விட்ட இடம்

பெரியப்பா இறந்தபோது வீட்டில் அவருடைய தனிப்படம் ஒன்றுகூட இல்லை. ஏதோ கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அவரை மார்புவரை வெட்டியெடுத்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். குமராட்சி கடைத்தெரு முழுக்க ஒட்டிய அந்தப் போஸ்டரில் பெரியப்பாவின் தோள்மேல் வாட்ச் கட்டிய கை ஒன்று மட்டும் தனியாக இருந்தது. காரியத்துக்கு வந்தவர்கள் அழுததைவிட அந்தக் கை யாருடையது என்று பேசிக்கொண்டதுதான் ஜாஸ்தி.

அடுத்த வருடம், 2008இல், அப்பாவுக்கு நெஞ்சுவலி. சிதம்பரத்தில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, திருப்பாதிரிப்புலியூரில் நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். தங்கை புருஷன் போன் செய்தார்.

"மச்சான், மாமாவ நல்லதா ஒரு போட்டோ எடுத்து வச்சிரு. அப்புறம் அலைய முடியாது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிது. எந்த லைட்டை எங்கே வைக்கலாம் என்றுதான் மனசு ஓடியது.

மகள் படிக்கிற மேஜை விளக்கில் சி.எஃப்.எல். பல்பைப் போட்டு, முன்னால் டிரேசிங் பேப்பரைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். வெளிச்சம் மெத்தென்று விழுந்தது. மறுபக்கக் கன்னம் இருட்டாகிவிடாமல் இருக்க, டிவி வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோலை மனைவி பிடித்துக்கொண்டாள். பின்னால் ஒரு சாம்பல் நிறப் போர்வை. அவ்வளவுதான் என் ஸ்டுடியோ.

"எதுக்குடா இவ்ளோ அமர்க்களம்?" என்றார் அப்பா.

"சும்மாப்பா. லைட்டு வச்சி எடுத்துப் பழகுறேன்."

கூசாமல் சொன்னேன். மனைவி தெர்மாகோலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அப்பா தானே சவரம் செய்து, விபூதி பூசி, தங்கை கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கேமராவைத் தூக்கியதும் முன்பல் இரண்டு இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். அப்படியே எடுத்திருக்கலாம். போஸ்டரில் யாராவது பல்லைக் காட்டுவார்களா என்று போனது என் புத்தி.

"சிரிக்காதப்பா."

சிரிப்பு நின்றது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையோடுதான் எடுத்தேன். படம் பிரமாதமாக வந்திருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கி நானே மெச்சிக்கொண்டேன்.

கோயில் தெருவில் பிரேம் போடுகிற கடைக்கு எடுத்துப் போனேன். "கீழ தோற்றம், மறைவு போடணுமா சார்?" என்றார் கடைக்காரர். அப்பா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டியவன், "போட்டுட்டு பக்கத்துல எடம் மட்டும் விட்டு வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரசீது எழுதினார். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

படத்தைப் பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டேன். அப்பாவோ தேறிவிட்டார். காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வரும் அளவுக்குத் தேறிவிட்டார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அது அவர் கையில் சிக்கியது. திரும்பி வந்தபோது மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்க," என்றார். பிறகு கீழே இருந்த இரண்டு வார்த்தைகளையும் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

"மறைவு ஒனக்கே தெரிஞ்சிடும். தோற்றத்துக்கு என்னாடா எழுதுவ? நான் எப்ப பொறந்தேன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?"

"ரேஷன் கார்டுல இருக்குமேப்பா" என்று முனகினேன்.

"அது குத்துமதிப்பா போட்டது," என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். தினமும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எத்தனையோ முறை வாய்வரை வந்தது. கேட்டால் அந்தப் படத்துக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடுவாரே என்ற வெட்கத்தில் கடைசிவரை கேட்கவில்லை.

போஸ்டரைப் பார்த்தவர்கள் எல்லோரும் படம் எவ்வளவு லட்சணம் என்றார்கள். பிரேம் போட்ட படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. மறைவுக்குப் பக்கத்தில் எழுத எனக்குத் தேதி தெரியும், மணிகூடத் தெரியும். அதை மட்டும் எப்படி எழுதுவது?