மேஜையில் மிஞ்சிய பதினாறு பக்கம்

பைண்டிங் கடையில் அவளுக்கு நூல்கண்டு என்று பெயர். இருபது வருடமாகப் புத்தகம் தைப்பவளை வேறெப்படி அழைப்பார்கள்?

புது வருட ஆராதனையில், ‘செய்த தப்பை இனி மறைக்க மாட்டேன்’ என்று சீட்டில் எழுதித் தன் வேதாகமத்துக்குள் வைத்திருந்தாள். பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. முந்நூறு வேதாகமங்களைத் தைத்து, அட்டை போட்டு, கட்டுக் கட்டாகக் கட்டி முடித்த பிறகு பார்த்தால், எண்ணிக் கொடுத்த தாளில் பதினாறு பக்கம் மேஜையில் மிஞ்சிக் கிடந்தது. ஏதோ ஒரு பிரதியில் அது இல்லை.

மற்ற புத்தகமாக இருந்தால் சத்தமில்லாமல் கழிவுத்தாளோடு தள்ளியிருப்பாள். அதையெல்லாம் எழுதினவர்கள் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இதை எழுதினவரோ அவள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவே பயந்தாள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் எரிந்து விழுந்தார்.

“வேன் வாசல்ல நிக்குது! முந்நூறையும் பிரிக்கச் சொல்றியா? பதினாறு பக்கம் இல்லேன்னா யாரும்மா கண்டுபிடிக்கப் போறா?”

“எழுதினவருக்குத் தெரியும், அண்ணே.”

முதலாளி மேஜையில் கிடந்த பக்கங்களைத் தொடாமல் ஓரடி தள்ளி நின்றார்.

“கத்தரியக் கொண்டா” என்றார். முதல் கட்டைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார்.