கூலர் தொட்டியில் வெண்டைச் செடி

வெண்டைச் செடியின் இலையில் முதல் ஓட்டையைப் பார்த்ததும் நான் சந்தேகப்பட்டது அணிலை. மறுநாள் காலையில் பக்கத்திலிருந்த தக்காளி நாற்றில் இலையே இல்லை, மொட்டைத் தண்டு மட்டும் நின்றது. அணில் இப்படிச் சுத்தமாகச் சாப்பிடாது என்று தோன்றியது. அணிலை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனேன். எனக்கு யோசிக்கத் தெரிந்த விதம் இதுதான்: எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராக வெளியே அனுப்புவது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கரோல் பாகில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், டெல்லிக்காரர்கள் பர்ஸாத்தி என்று சொல்லும் ஒற்றை அறையில், நானும் இன்னொரு பெண்ணும் வாடகைக்கு இருந்தோம். நான் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு அரசு அலுவலகம் ஒன்றில் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வேறொரு அலுவலகத்தில் ஸ்டெனோ, திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட மூத்தவள் என்பதால் எனக்கு அக்கா. அவளுக்கு நான் ஏட்டி.

எங்களுக்கு நேர் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மாள், மகனோடும் மருமகளோடும் இருந்தார். மருமகள் மாசமாக இருந்தாள். பஞ்சாபிக் குடும்பம். தெருவே அவரை பீஜி என்று கூப்பிட்டது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கல்யாணமாகாத இரண்டு மதராஸிப் பெண்களுக்கு அறை தர அந்தத் தெருவில் வேறு யாரும் முன்வரவில்லை. அதை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்கவிடவில்லை.

செடி வளர்க்க அனுமதி கொடுத்ததும் அவர்தான். துருப்பிடித்து ஓட்டை விழுந்த ஒரு பழைய கூலரை மாடியில் போட்டு வைத்திருந்தார். அதன் அடித்தொட்டியைக் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். தண்ணீர் வடிவதற்குத் துளை போடும் வேலை மிச்சம். தொட்டியில் வெண்டையும் அவரையும், டால்டா டின்களில் தக்காளி, ஆப்பிள் பெட்டியில் கொத்தமல்லி, கைப்பிடி போன பிளாஸ்டிக் பக்கெட்டில் கத்தரி. அவரைக்கொடி படர, தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவரின் கம்பிக்கு ஒரு கயிறு கட்டினேன். அலுவலகத்தில் நான் வரைந்த குழாய்களில் தண்ணீர் ஓடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே ஊற்றினால் முளைத்தது. மே மாத வெயிலைக்கூடச் செடிகள் தாங்கிக்கொண்டன. ஜூலையில் மழை தொடங்கியதும்தான் ஓட்டைகள் வந்தன.

யார் தின்கிறார்கள் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பீஜி ஒரு கிண்ணத்தைத் தட்டால் மூடி மாடிக்குக் கொண்டுவந்தார். தட்டை எடுத்தார். பாதி நறுக்கிய சுரைக்காயின்மேல் விரல் நீளத்துக்கு, பழுப்பாக, ஓடில்லாத நத்தை ஒன்று.

“இது உங்களுடையது,” என்றார்.

அக்கா தன் அலுவலக ஹிந்தியில், “அதுமேல எங்க பேரு எழுதியிருக்கா பீஜி?” என்றாள்.

“இத்தனை வருஷமாக என் சமையலறையில் கோங்கா வந்ததில்லை. நீங்கள் இங்கே காடு வளர்க்க ஆரம்பித்தீர்கள், வந்துவிட்டது. இன்னொன்று வந்தால் இதெல்லாம் கீழே போகும் பேட்டா. கூடவே நீங்களும். என் தங்கை மகனும் அறை தேடிக்கொண்டிருக்கிறான்.”

அவர் படியிறங்கிப் போனார்.

“தங்கச்சி மவனா? இவ்வளவு நாளா அப்படி ஒருத்தன் இருக்கான்னே சொல்லலியே,” என்றாள் அக்கா.

நானும் அதைத்தான் யோசித்தேன். மூன்றாவது மாடி. சிமெண்ட் தரை. நத்தைக்கு இங்கே என்ன வேலை? அறை காலியாக வேண்டும் என்று ஒருவருக்கு இருந்தால், சுரைக்காய்மேல் ஒரு நத்தையை எடுத்து வைப்பது பெரிய காரியமில்லை. செடிகளிலும் அவரே கொண்டுவந்து விடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். நாங்கள் அலுவலகத்துக்குப் போன பிறகு அவர் மாடிக்கு வருகிறார் என்பதற்கு என்னிடம் சாட்சி இருந்தது. கூலர் தொட்டியைச் சுற்றியிருந்த ஈரமண்ணில் அவர் செருப்பின் தடம்.

எப்படி வருகிறது என்பது தெரியாவிட்டாலும் தடுத்தாக வேண்டும். முதலில் சாம்பல். பீஜி வீட்டு அங்கீட்டி அடுப்பில் கரி எரிந்த சாம்பலைச் சலித்து ஒவ்வொரு டின்னையும் சுற்றி வட்டமாகப் போட்டேன். மழை பெய்து, மாடி முழுக்கச் சாம்பல் குழம்பாகியது. அடுத்தது உப்பு. உப்பு பட்ட நத்தை சுருங்கிச் சாகும், ஆனால் அந்தத் தண்ணீர் வேரில் இறங்கி ஒரு கத்தரிச் செடியும் சேர்ந்து செத்தது. மூன்றாவதாக, எறும்புக்குப் பயந்து வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அது. தட்டில் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே செங்கல், செங்கல்மேல் டின். கூலர் தொட்டிக்குத் தட்டு கிடையாது என்பதால் அதன் நான்கு கால்களையும் நான்கு சிகரெட் டின்களில் இறக்கித் தண்ணீர் ஊற்றினேன்.

டால்டா டின்கள் பிழைத்தன. கூலர் தொட்டியில் மட்டும் மறுநாளும் புது ஓட்டைகள்.

தண்ணீரைத் தாண்டி நத்தை வராது. அப்படியானால் யாரோ தூக்கி வைக்கிறார்கள். பீஜியைப் பற்றி எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்துபோனது. அதாவது, அவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் நான் அலுவலகம் கிளம்பும்போது அவர் படிக்கட்டில் வழிமறித்தார். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

“ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். செவ்வாயும் சனியும் மாடியில் என்ன ஊற்றுகிறீர்கள்? வெள்ளையாக?”

“ஒன்றும் ஊற்றுவதில்லையே பீஜி.”

“என் கண்ணால் பார்த்தேன். தொட்டியிலும் ஊற்றியிருக்கிறது, மழைக்குழாய் வாயிலும் ஊற்றியிருக்கிறது. என் மருமகள் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்தான் படுக்கிறாள்.”

எனக்கு உண்மையிலேயே தெரியாது. பஸ்ஸில் போகும்போது வரிசையில் புதிதாக ஒரு ஆளை நிறுத்தினேன். மாடியில் நான் இல்லாத நேரத்தில் இருப்பவள் அக்கா. எனக்குப் பிறகு கிளம்புகிறவள் அக்கா. பாத்திரம் கழுவும் முறையும் அவளுடையது.

மாலையில் கேட்டேன்.

“என்னையவே சந்தேகப்படுதியா? நீ என்னட்டி, வரைபடம் போடுத ஆபீஸுலதானே இருக்க, போலீஸ்லயா?”

“கேக்கத்தானே செய்றேன் அக்கா. வெள்ளையா என்னத்தை ஊத்துறீங்க?”

“மாவுச் சட்டி கழுவுன தண்ணி. செடிக்குச் சத்துட்டி அது. எங்க வீட்டுல அரிசி களைஞ்ச தண்ணி, தோசை மாவுச் சட்டி கழுவுன தண்ணி எல்லாம் செடிக்குத்தான். மிச்சத்தைக் குழாயில ஊத்துதேன், வேற எங்க ஊத்த?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் அந்தச் சட்டியைப் பற்றி நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

ஞாயிறும் வியாழனும் மாவு அரைப்போம். டெல்லிக் குளிரில் கம்பளி சுற்றி வைத்தாலும் மாவு பொங்காது. ஜூலையில் காலையில் வைத்தால் மாலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும், மறுநாள் அறையே புளிப்பாக மணக்கும். சட்டி காலியாவது செவ்வாயும் சனியும். புளிப்பு, மழை, கூலர் தொட்டி, குழாய். நான்கையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தேங்காய்ச் சிரட்டையில் புளித்த மாவும் இன்னொன்றில் வெறும் தண்ணீரும் ஊற்றி, கூலர் தொட்டியின் மண்ணில் விளிம்புவரை புதைத்தேன். அன்று பொழுது சாயும்போது தூறல், கரண்ட் வேறு போய்விட்டது. நான் டார்ச்சைப் பிடித்தேன். அக்கா குடையைப் பிடித்தாள், பெரும்பாலும் தனக்கு.

முதல் நத்தை மழைக்குழாயின் வாயிலிருந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. தரையில் கொஞ்ச தூரம், பிறகு கைப்பிடிச் சுவர்மேல், பிறகு கம்பி. கம்பியிலிருந்து அவரைக்கொடிக்கு நான் கட்டிய கயிறு. தண்ணீர் வைத்த கால்களை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாலம் கட்டுன எஞ்சினீயர் யாருட்டி?” என்றாள் அக்கா.

கயிற்றின் முடிவில் அவை தொட்டிக்குள் இறங்கின, தண்ணீர்ச் சிரட்டையைச் சுற்றிக்கொண்டு போய் மாவுச் சிரட்டைக்குள் தலையை விட்டன. ஒன்று முழுசாகவே உள்ளே விழுந்தது.

அப்போதுதான் பின்னால் குடை விரிகிற சத்தம் கேட்டது. படிக்கட்டு வாசலில் பீஜி. இருட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த எங்களையும், டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த சாம்பல் கறைகளையும், மண்ணில் புதைத்த சிரட்டையையும், அதிலிருந்த வெள்ளையையும் வரிசையாகப் பார்த்தார்.

“தெரியும் எனக்கு,” என்றார். “தினமும் வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய், சனி. சாம்பல். தேங்காய். மதராஸிகளுடைய டோட்கா, சூனியம் இது. யாருக்கு வைத்தீர்கள்? என் மருமகளுக்கா?”

அவர் குரல் நடுங்கியது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். மண்ணில் இருந்த செருப்புத் தடம் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அவரை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் எங்களுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

வாயால் சொன்னால் நம்பமாட்டார். டார்ச்சை அவர் கையில் கொடுத்து, சிரட்டைக்குள் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“கோங்கா தோசை தின்னுமா?”

“தோசை தெரியாது பீஜி. புளித்த மாவைத் தின்னும். எங்களைத் தேடி வரவில்லை, மாவு வாசனைக்கு வருகிறது. குழாயில் ஊற்றினதால் அதன் வழியாக உங்கள் சமையலறைக்கும் வந்திருக்கிறது.”

“ஒரு சிரட்டை கொடு,” என்றார். “என் அடுப்படியில் வைக்கிறேன். நீ சொன்னது போல கோங்கா வந்து விழுந்திருந்தால் சரி. சும்மா இருந்தால் காலையில் சாமான் கட்டு.”

ஒரு சிரட்டை நிறைய மாவு கொடுத்தோம். அவர் அதைக் கையை நீட்டி, உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று நாங்கள் இருவரும் சரியாகத் தூங்கவில்லை. நத்தை நமக்காக வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வது வினோதமாக இருந்தது.

காலையில் பால் வாங்கப் போகிற வழியில் பீஜி மாடிக்கு வந்து சிரட்டையை அக்காவிடம் நீட்டினார்.

“விழுந்திருந்தது,” என்றார். அவ்வளவுதான்.

அக்காவுக்கு அது போதவில்லை. “அப்போ உங்க தங்கச்சி மவன்?”

“அவனுக்கு அம்பாலாவில் வேலை கிடைத்துவிட்டது.”

ஒரே இரவில் கிடைத்த வேலை. அப்படி ஒருவன் இருந்தானா என்பது எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

கயிற்றை அவிழ்த்து, தொட்டிக்குள்ளேயே குச்சி நட்டு அவரையை ஏற்றினேன். குழாய் வாய்க்குக் கம்பிவலை வைத்தேன். அக்கா சட்டி கழுவிய தண்ணீரைக் குளியலறையில் கொட்ட ஆரம்பித்தாள், ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டு. செடிகளுக்கு நடுவே ஒரு சிரட்டை மாவு மட்டும் மழைக்காலம் முடியும்வரை இருந்தது. வெண்டை காய்த்தது.

பீஜியும் வாரம் தவறாமல் மாவு வாங்கிப் போனார். நத்தைக்குத்தான் என்பார். முதலில் சிரட்டை, பிறகு டம்ளர், பிறகு மூடி போட்ட தூக்கு. பேரன் பிறந்தான், மழை நின்றது, அக்டோபர் வந்தது, தூக்கும் வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் கீழிருந்து டால்டாவில் மாவு முறுகுகிற வாசனை மாடிக்கு ஏறி வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

மறுமுறை தூக்கை நிரப்பிக் கொடுக்கும்போது, “இன்னும் நத்தை வருகிறதா பீஜி?” என்று கேட்டேன்.

“நிறைய வருகிறது,” என்றார், என் கண்ணைப் பார்க்காமல். இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார். “தேங்காய்ச் சட்னிக்குப் பச்சை மிளகாய் எத்தனை வைப்பீர்கள்?”