உள்ளுக்கை வெளிச்சம் இருந்ததோ?

எனக்குக் கோட்டைப் பைத்தியம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், டிராம் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். முன்னறை அலுமாரியில் பெல்ஜியத்தின் பிளெமிஷ் நாட்டுப்புறக் கோட்டைகளின் படப் புத்தகங்கள் நிற்கின்றன. எல்லாம் மகள் என் பிறந்தநாள்களுக்கு வாங்கித் தந்தவை. நான் தேத்தண்ணி குடிக்கும் கோப்பையிலும் ஒரு கோட்டைதான். கோடை வந்தால் பெல்ஜியத்துக்குப் போவோம். கென்ட் நகருக்கு அப்பால், மாடு மேயும் வயல்களுக்கு நடுவே அகழி சூழ நிற்கும் செங்கல் கோட்டைகளில் நாங்கள் போகாதவை குறைவு.

உண்மையில் எனக்குக் கோட்டைகளில் ஒரு விருப்பமும் இல்லை. போகவேண்டும் என்று கேட்பவள் என் மனைவி. அவள் ஏன் கேட்டாள், நான் ஏன் மறுக்கவில்லை என்பதை இனி மறைத்து வைப்பதில் பயனில்லை.

ஊரில், எங்கள் பட்டினத்தில், ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆமிக்காரர் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் அதற்குள் வைத்திருந்தார்கள். எங்களுக்குக் கலியாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவியின் தம்பியை ஒருநாள் விடிய வந்து வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தவன். என்னைச் சீண்டுவதில் அவனுக்குப் பெரிய சந்தோஷம். "அத்தான், உங்கட இங்கிலீசுக்கு வெள்ளைக்காரனே எழும்பி நிப்பான்" என்பான். அவன் கண்ணாடி மேசையிலேயே கிடந்தது. அது இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கும் முகம்கூட அவனுக்குத் தெரியாது.

வீட்டில் இங்கிலீசும் சிங்களமும் பேசத் தெரிந்த ஆள் நான் மட்டும்தான். கோட்டைக்குப் போய் விசாரிக்கவேண்டியவன் நான் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் போன அன்றைக்கு ஆடி அமாவாசை. இறந்த தகப்பனுக்காகப் பிள்ளைகள் விரதம் பிடிக்கும் நாள். காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தேன். மனைவி வெள்ளைச் சட்டையை ஸ்திரிக்கை போட்டு வைத்திருந்தாள். அவன் கண்ணாடியைத் துணியில் சுற்றி என் பையில் வைத்து, "கையிலையே குடுங்கோ. வேறை ஆரிட்டையும் குடுத்துவிடாதேங்கோ" என்றாள்.

சைக்கிளில் போனேன். கோட்டைக்கு முன்னால் இருந்த வெளியில் தாய்மார்கள் வெயிலில் குந்தியிருந்தார்கள். அகழிக்கு மேலே பாலம். அதன் அந்தப் பக்கம் வளைவு வாசல். வாசலுக்குள்ளே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் பாலத்தைக் கடந்து போவதைப் பார்த்தேன். ஒரு வாத்தியாராக இருக்கவேண்டும், குடை வைத்திருந்தார். அவர் திரும்பி வரட்டும், பிறகு போவோம் என்று ஒரு வாகை மரத்தின் கீழ் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றேன். வெகுநேரமாகியும் அவர் வரவில்லை. நான் சைக்கிளைத் திருப்பினேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் என்னை அதட்டவில்லை, துவக்கு நீட்டவில்லை. பாலத்தில் கால் வைக்காமலே திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து, "கந்தோருக்குள்ளை போய்க் கேட்டனான். ஆள் அங்கை இல்லையாம்" என்றேன். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். மாமி கைகூப்பி அழுதார். கோட்டைக்குள் இல்லை என்பது அந்த நாட்களில் நல்ல செய்தி. விரதச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஆட்கள் கட்டாயம் காத்தோட்டிக்காய் சமைப்பார்கள். கசப்பென்றால் அப்படிக் கசப்பு. நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அதன்பிறகு மாமா கோட்டைப் பக்கம் போகவேயில்லை. மருமகன் நேரில் கேட்டு வந்துவிட்டாரே. அவர் வேறு ஊர் முகாம்களுக்குப் பஸ் ஏறினார், ரயில் ஏறினார். அந்த அலைச்சலிலேயே கண்ணை மூடினார். மச்சானைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

லண்டனுக்கு வந்து வருடக்கணக்காக இந்தக் கதை எங்களுக்குள் எழவில்லை. பிறகு பெல்ஜியத்தில் கென்டுக்குப் பக்கத்தில் ஓர் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனோம். மறுநாள் அவர், "எங்கட ஊரிலை பாக்கிறதுக்கு மாடும் கோட்டையும்தான் இருக்கு. மாட்டை வரேக்கை பாத்திருப்பியள்" என்று ஒரு கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நுழைவுச்சீட்டு கொடுக்கும் அறைக் கதவில் அவர்கள் பேசும் ஒல்லாந்தர் பாஷையில் எழுதியிருந்ததை மனைவி எழுத்துக்கூட்டி வாசித்தாள். கந்தோர். அலுவலகத்துக்கு ஒல்லாந்தர் எங்களுக்கு விட்டுப்போன அதே சொல். "இஞ்சாருங்கோ, எங்கட ஆக்கள் எழுதின மாதிரியெல்லோ கிடக்கு!" என்று சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கேட்டாள்.

"இப்பிடி ஒரு கந்தோரிலையோ நீங்கள் அண்டைக்குக் கேட்டனீங்கள்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான், "ஓம், இப்பிடித்தான்" என்றேன்.

"உள்ளுக்கை வெளிச்சம் இருந்ததோ?"

"இருந்தது. பெரிய யன்னல் ஒண்டு இருந்தது."

அப்படித் தொடங்கியது. அடுத்த கோடையில் இன்னொரு கோட்டைக்குப் போகலாமா என்று அவளே கேட்டாள். இடியப்பமும் சம்பலும் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, காரை ரயிலில் ஏற்றிக் கடலுக்குக் கீழால் போவோம். அகழிக் கரையில் இருந்து சாப்பிடுவோம். பிறகு அவள் மெல்ல மெல்லச் சுவர்களைத் தடவிக்கொண்டு நடப்பாள். கதவு இந்த உயரமோ? படி இருந்ததோ? ஆள் இருந்து பேசினவரோ, நிண்டவரோ? ஒவ்வொரு கோட்டையிலும் நான் கண்ட பொருளை ஊர்க் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஓக் மேசை, இரும்புக் கொளுவி, சிவப்புச் செங்கல் தரை. எங்கள் கோட்டை முருகைக்கல்லால் கட்டியது, உள்ளே செங்கல் தரை இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. வருடங்கள் போகப் போக நான் போகாத அந்த அறை எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. சில வேளை மிச்சம் டிராம் தரிப்பிடத்தில் நிற்கும்போதுகூட அந்த அறை வந்துவிடும். மேசைக்குப் பின்னால் இருப்பவரின் முகம் மட்டும் தெரியாது. முழத்துக்கு அப்பால் எல்லாம் கலங்கித் தெரியும்.

எதைக் கேட்டாலும் கடைசியில் வெளிச்சத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துவாள். கண்ணாடி இல்லாமல் போனவனின் தமக்கை வேறு எதைக் கேட்பாள்?

போன வருடம் கோடை முடிகிற நேரம் மகள் காரோட்டினாள். எனக்கு இனிமேல் தூரம் ஓட்ட ஏலாது. வழியெல்லாம் அவள் பகிடிதான். "அப்பா, சீரியஸ்லி, எங்கட வீட்டுக் கூரை ஒழுகுது. நீங்கள் போய் ஐந்நூறு வருசத்துக் கூரையைப் பாக்கிறீங்கள்." தாய் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அவருக்கு விருப்பமெண்டா விடன் பிள்ளை" என்றாள்.

அந்தக் கோட்டையில் நிலத்துக்குக் கீழே ஒரு சிறை இருந்தது. மகள் வெளியே கோப்பிக் கடையில் இருந்துவிட்டாள். மனைவிக்கு முழங்கால் வருத்தம், தடி ஊன்றித்தான் நடப்பாள். வழக்கமாகக் கீழ் அறைகளுக்குப் போகமாட்டாள். அன்றைக்கு இறங்கவேண்டும் என்றாள்.

"வேண்டாமப்பா, படி சரியில்லை" என்றேன்.

"நீங்கள் பிடியுங்கோவன்."

பிடித்து இறக்கினேன். வழிகாட்டியாக வந்த இளம்பெண் எங்களையும் வேறு சிலரையும் சுவரோரம் நிறுத்தினாள். அந்தக் காலத்தில் கைதிகள் எப்படி இருந்தார்கள் என்று காட்டப்போவதாக இங்கிலீசில் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஒரு பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரித்தது. மனைவியின் கை என் சட்டைக் கையைப் பற்றியது.

"நல்லகாலம்" என்றாள் மெதுவாக. "நல்லகாலம், அவன் கோட்டைக்குள்ளை இருக்கேல்லை."

அவ்வளவு காலமும் என் பொய் அவளுக்கு என்னவாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பதுதான் இரக்கம் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கோ அந்த இருட்டில் மச்சானும் நிற்பதுபோல இருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருக்க இன்னொருமுறை பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் உள்ளுக்கை போகேல்லை" என்றேன். "பாலம்மட்டும் கூடப் போகேல்லை. பயந்து திரும்பி வந்திட்டன்."

விளக்கு எரிந்தது. எல்லோரும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவள் சட்டைக் கையை விட்டிருந்தாள்.

மேலே வந்து அகழிக் கரை வாங்கில் இருந்தோம். தாராக்கள் நீந்திக்கொண்டிருந்தன. இடியப்பப் பெட்டியை அவள் திறக்கவில்லை.

"அப்ப அவன் அங்கை இருந்திருக்கலாம்."

"ஓம்."

"ஐயாவை அங்கையும் இஞ்சையும் அலைய விட்டிட்டீங்கள்."

"ஓம்."

"யன்னல் எண்டனீங்கள். பெரிய யன்னல் எண்டனீங்களே."

இடியப்பப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தேன். "அண்டைக்கு ஆடி அமாவாசை, என்ன?" என்றாள். தலையசைத்தேன். அந்த நேரம் மகள் வாஃபிளோடு வந்து எங்கள் முகத்தைப் பார்த்தாள். "வாட்ஸ் ரோங்? அம்மா, பேய் கீய் கண்டீங்களோ?" என்றாள்.

"போவம் பிள்ளை" என்றாள் மனைவி. "பாத்தது காணும்."

வீட்டுக்கு வந்தபின் அவள் என்னோடு பேசாமல் விடவில்லை. மருந்து குடிச்சாச்சோ, குப்பைத் தொட்டி வெளியிலை வைச்சாச்சோ என்று கேட்பாள். கோட்டையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. இந்தக் கோடையில் பெல்ஜியப் பேச்சு எழவில்லை. மகள் இரண்டுமுறை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் மனைவி தமிழ்க் கடைக்குப் போய் வாழையிலையும் காத்தோட்டிக்காயும் வாங்கி வந்தாள். காணாமல் போனவனுக்குத் திதி கொடுக்க இவ்வளவு காலமும் அவள் சம்மதித்ததில்லை. இறந்த நாள் தெரியாமல் எந்த நாளில் கொடுப்பது என்பாள். இறந்தான் என்று யார் சொன்னது என்பாள். மறுநாள் மத்தியானம் முன்னறையில் இரண்டு இலை போட்டாள். ஒன்று என் தகப்பனுக்கு, வழக்கம்போல. மற்றது சுவரோரம் தனியாக. அதன் தலைமாட்டில், ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த அவன் கண்ணாடியைத் துடைத்து, அதன் கால்களை விரித்து வைத்தாள்.

"நானும் சேர்ந்து பிடிக்கிறன், அவனுக்கும்" என்றேன்.

"நீங்கள் உங்கட ஐயாவுக்குப் பிடியுங்கோ. அவனுக்கு நான் இருக்கிறன்."

காகத்துக்குச் சோற்றை அவளே எடுத்துக்கொண்டு தடியோடு தோட்டத்துக்குப் போனாள். மிச்சம் பகுதியில் காகத்துக்குக் குறைவில்லை. அவள் திரும்பி வந்தபோது நான் இலைக்கு முன்னால் இருந்தேன். நல்ல வெயில். யன்னல் திரை முழுக்கத் திறந்துகிடந்தது. அப்படியிருந்தும் முன்னறை மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் அணைக்க எழும்பி, ஸ்விட்சில் கை வைத்தேன்.

"நூக்காதேங்கோ" என்றாள். "எரியட்டும்."

கையை எடுத்தேன். திரும்பிப்போய் இருந்து, காத்தோட்டிக்காயை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.