கண்ணாடியில் வந்த மஞ்சள் பொட்டு

போன ஐப்பசியில், இறம்பொடையைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகளில் நடந்தது இது. வெள்ளவத்தையிலிருந்து ஐந்து மோட்டார் சைக்கிள்களில் புறப்பட்டிருந்தோம். ஐந்து பேரும் ஒரே பள்ளிக்கூடம். தலையெல்லாம் நரைக்கத் தொடங்கிவிட்டது. பெட்ரோல் வாசனை பட்டால் மட்டும் இன்னும் பையன்கள். எங்களில் ஒருவன் அடுத்த மாதம் குடும்பத்தோடு கனடா போகவிருந்தான். மோட்டார் சைக்கிளையும் விற்றாகிவிட்டது. வாங்கியவரிடம் கெஞ்சி, ஒப்படைக்கும் நாளைத் தள்ளிப்போட்டு, அதில்தான் வந்திருந்தான். கடைசிப் பயணம். அந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

எங்கள் கூட்டத்துக்கு ஒரேயொரு சட்டம். அவன் போட்டதுதான். முன்னால் போகிறவனைத் துரத்தாதே. கண்ணாடியில் பின்னால் வருகிறவனின் வெளிச்சத்தைப் பார். அது மறைந்தால் நில். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவனும் நிற்பான். இப்படியே முதல் வண்டிவரை எல்லோரும் நின்றுவிடுவோம். அவன் எப்போதும் கடைசி. அவனுக்கு முன்னால் நான்.

மத்தியானம் திரும்பியதும் பனிமூட்டம் இறங்கியது. தேயிலை போனது, பள்ளத்தாக்கு போனது, வீதியின் வெள்ளைக் கோடும் போனது. என் கண்ணாடியில் ஒரு மஞ்சள் பொட்டு மட்டும் மிச்சம். வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து அது கூடவே வந்தது. இந்தப் பொட்டு இல்லாமல் இனி எப்படி மலை ஏறுவது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

மேலே தேத்தண்ணிக் கடையில் மற்ற மூவரும் நின்றிருந்தார்கள். நானும் நிறுத்தினேன். மஞ்சள் பொட்டும் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவர் யாரோ ஒருவர். பின்சீட்டில் சந்தைக்குப் போகும் லீக்ஸ் மூட்டை.

"ஒங்க செவப்பு லைட்டப் பாத்துக்கிட்டே வந்துட்டேங்க அண்ணே. நீங்க இல்லாட்டி பள்ளத்துலதான் கெடந்திருப்பேன்" என்று சிரித்தார்.

"அவன் எங்கயடா?" என்றான் முதல் வண்டிக்காரன்.

போனில் அடித்துப் பார்த்தோம், சிக்னல் இல்லை. வழியில் யாராவது நின்றதைக் கண்டீர்களா என்று அந்த மனிதரைக் கேட்டேன்.

"ஒரு வளைவுல ஏதோ கறுப்பாத் தெரிஞ்சிச்சுங்க. மரம்னு நெனச்சேன்." அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. மூட்டையை அவிழ்த்துக் கடை வாசலில் போட்டார். "வாங்க, எடத்தக் காட்டுறேன்."

மற்ற மூவரையும் கடையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவருடைய வாகனத்துக்குப் பின்னால் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் ஓரக்கட்டு உடைந்திருக்கிறதா என்றே கண் தேடியது. அவன் மனைவிக்கு என்ன சொல்வது? விமான டிக்கெட்டெல்லாம் எடுத்தாகிவிட்டதே.

ஒரு வளைவில், ஓரக்கட்டின்மேல் அவன் உட்கார்ந்திருந்தான். முழுதாக. வண்டி ஸ்டாண்டில் நின்றது. எஞ்சினும் ஓடவில்லை, லைட்டும் எரியவில்லை.

"விசரா! என்னடா செய்யிறாய் இங்க?"

"கனடாக் குளிருக்குப் பழகிறன்."

நான் சிரிக்கவில்லை. அவன் வெள்ளையாய்க் கிடந்த பள்ளத்தைப் பார்த்தபடி சொன்னான்: "நான் இல்லாமல் நீங்கள் போற சத்தம் எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காக் கேக்க ஆசையாய் இருந்துது மச்சான். லைட்டை நூத்தால் நிப்பியள் எண்டு நினைச்சன். ஒருத்தரும் நிக்கேல்ல. சத்தம் மேல மேல போய்க்கொண்டே இருந்துது."

"அது என்னாலதாங்க" என்றார் பக்கத்தில் நின்ற மனிதர், ஏதோ குற்றம் செய்தவர்போல. "நடுவுல நான் பூந்துட்டேங்க. என் லைட்ட ஒங்க லைட்டுன்னு நெனச்சு இவரு போயிட்டாரு."

அவன் அந்த மனிதரைப் பார்த்தான். அவர் வண்டியின் மஞ்சள் லைட்டைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லது அண்ணை. என்ர இடம் காலியாய் இருக்கேல்லத்தானே."

அவனும் அந்த மனிதரும் நானுமாக மிக மெதுவாக மேலே ஏறினோம். மூட்டை கடை வாசலில் அப்படியே இருந்தது. பிளேன்டீ குடிக்கும்வரை அந்த மனிதரை எங்களில் ஒருவரும் போகவிடவில்லை.

அவன் கனடா போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற நால்வரும் இன்னும் புறப்படுகிறோம். இப்போது நான்தான் கடைசி. சட்டப்படி நான் கண்ணாடியைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் பார்க்கிறேன். வெள்ளவத்தைக் காலி வீதியில் எனக்குப் பின்னால் வருவது மீன்காரரோ திரீவீல் ஆட்டோக்காரரோ, யாராக இருந்தாலும் சரி, அந்த வெளிச்சம் கொஞ்சம் பின்தங்கினால் என் கை தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது.