கேட்டில் விழுந்த குழிகள்

செப்டம்பர் 3, புதன்கிழமை. காலை எட்டரைக்கு செல்லூரில் என் பவுடர் கோட்டிங் ஷெட்டைத் திறந்தேன். கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரை வடித்தேன். ஃபில்டரைத் துடைத்தேன். கொக்கிகளை வரிசையாக மாட்டினேன். எல்லாம் வழக்கம்தான்.

வழக்கமில்லாத வேலை ஒன்று பாக்கி இருந்தது. சாயங்காலம் பாண்டியை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். அவன் இடத்துக்குக் கப்பலூரில் வேறு ஒருவரிடம் ரகசியமாகப் பேசியும் வைத்திருந்தேன்.

இரும்பில் பெயின்டுக்குப் பதிலாகப் பவுடர் அடிக்கும் கன் பாண்டியின் கையில்தான். அவன் அடித்த இரும்பு கேட் ஓவனில் வெந்து வெளியே வந்தால் முகம் பார்க்கலாம். கொஞ்ச நாளாக அப்படியில்லை. ஒரு நாள் பளபளப்பு... இன்னொரு நாள் அம்மைத் தழும்பு போலக் குட்டிக் குட்டிக் குழிகள். புதுமனை புகுவிழாவுக்காக பேரையூர் போக வேண்டிய கேட்டின் பூச்சை இரண்டு முறை சுரண்டியாயிற்று.

இரும்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் அந்த இடத்தில் பவுடர் ஒதுங்கிக் குழியாகும். கழுவும் தொட்டியைச் சோதித்தேன். காற்றுக் குழாயை வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்தேன். சுத்தம். மிச்சம் யார்? தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பாண்டி. வேண்டுமென்றே செய்கிறானோ? திருட்டு பயம் என்று சொல்லி, அவன் நிற்கும் இடத்துக்கு நேரே கேமரா மாட்டினேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. "நாளையிலருந்து எண்ணெ வைக்காம வாரேண்ணே. மொட்டை போடணும்னாலும் சொல்லுங்க."

எண்ணெய் வைக்காமல் வந்தான். குழி விழுந்தது. என் சந்தேகம் மட்டும் குறையவில்லை — சந்தேகம் என்றைக்கு ஆதாரம் கேட்டது?

புதன் மதியம் மூன்றாவது முறையாக அந்த கேட்டை மாட்டினான். கன்னை எடுத்தவன், ஜன்னல் பக்கம் திரும்பி மோந்து பார்த்தான்.

"நாளைக்கு முகூர்த்தம் போல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல கல்யாணக் கார் வாடகைக்கு விடுறாகள்ல. முதநாளே டயருக்கெல்லாம் பாலிஷ் ஸ்ப்ரே அடிப்பாக. இம்புட்டு வாசம் அதான்."

அந்த ஸ்ப்ரேயில் சிலிக்கோன் உண்டு. காற்றில் வந்து இரும்பில் படிந்தால் எண்ணெயைவிடப் பொல்லாதது. "கையை நிறுத்து" என்றேன்.

கழுவிய தகடுகள் இரண்டை எடுத்தோம். ஒன்றை ஜன்னலோரம் தொங்கவிட்டோம். மற்றதை பாலிதீனில் சுற்றி வைத்தோம். பிறகு இரண்டுக்கும் ஒரே பவுடர், ஒரே கை, ஒரே சூடு. ஜன்னலோரத் தகடு முழுக்கக் குழி. மற்றது கண்ணாடி.

பாண்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேண்ணே. மட்டமான பவுடர வாங்கி நல்ல டப்பாவுல கொட்டுறீகன்னு."

ஒரே ஷெட்டுக்குள் இரண்டு துப்பறிவாளர்கள். குற்றவாளியோ வாசனையோடு வந்து வந்து போயிருக்கிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஜன்னலை அடைத்தேன். கையோடு கேமராவையும் கழற்றிவிடலாம் என்று ஏணியை நகர்த்தினேன். பாண்டி ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்ணே கழட்டுறீக? ஜன்னல் பக்கம் திருப்பி வைங்க. என்னைய மாதிரி, ஜன்னலுக்குப் பதிலா கப்பலூர்ல ஆளு பாக்க முடியாதுல்ல."

ரகசியமாகத்தான் பேசினேன் என்று நினைத்திருந்தேன்.