மேசையில் இருந்த கறுப்பு வட்டம்

வெளிநாட்டில் இருக்கும் மகள் என்னிடம் விட்டுப்போன பேரப்பிள்ளைகள் கிறுக்கிவைத்த பழைய மேசையை, மரவேலையின் எல்லா முறைகளும் அறிந்தவனாக, மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நீலப் பூச்சுக்கு அடியிலிருந்து கருகிய மெழுகின் மணம் எழுந்தது.

பேசாலைக் கடற்கரையில், இன்று சுவர்கூட மிஞ்சாத எங்கள் வீட்டில், கடலுக்குப் போன அப்பாவின் படகு பிந்தும் நாட்களிலெல்லாம் அம்மா இந்த மேசையில் மெழுகுதிரி ஏற்றுவார். அப்பா வந்து ஈரவிரலால் அதை நுள்ளி அணைத்து, "நான் இன்னும் சாகேல்லை, திரியை மிச்சம் பிடியும்" என்பார்.

ஒருநாள் அணைக்க அவர் வரவில்லை. திரி அடிவரை எரிந்து பலகையைக் கருக்கியது. உடல் கிடைக்காத அப்பாவுக்கு அந்தக் கறுப்பு வட்டமே கல்லறை. மேசைக்கு நீலம் பூசும்வரை, இறந்தோரை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளில் அம்மா அதன்மேல்தான் பூ வைப்பார்.

நினைவு வந்து கையை எடுப்பதற்குள், "அம்மப்பா, கறுப்புப் போயிட்டுது!" என்று பேத்தி கைதட்டினாள்.

முறைப்படி அடுத்த வேலை, தூளை ஊதித் தள்ளுவது.